பல்கலைக்கழகத்தில் சமூக மேம்பாட்டுக் கல்வி: செவன் கிங்ஸ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்கும் ஆற்றப்பட்ட உரை



ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் வேளையில், செவன் கிங்ஸ், குட்மேஸ், இல்போர்ட் பகுதித் தமிழ் வீடுகளில் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். மருத்துவமா, பொறியியலா, கணக்கியலா, சட்டமா என்பதே கேள்வி. இந்த நான்குக்கும் வெளியே ஒரு பதிலைச் சொல்லும் பிள்ளை வீட்டில் ஒரு சங்கடத்தை உண்டாக்கிவிடுகிறது. "சமூக மேம்பாடு படிக்கப் போகிறேன்" என்று மகள் சொன்னால், "அதைப் படித்து என்ன வேலை எடுக்கலாம்? உறவினருக்கு என்ன சொல்வது?" என்று தகப்பன் கேட்பார். முதற் கேள்வி நியாயமானது. அதற்கு மறைக்காமல் விடை சொல்வது இவ்வுரையின் கடமை. இரண்டாவது கேள்விக்கு விடை தேட வேண்டியவர் அந்தத் தகப்பனே.

இந்தத் துறை தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த எவருக்கும் சனசமூக நிலையம் தெரியும். வாசிகசாலையில் பத்திரிகை போடுவதும், சிரமதானம் வைத்து ஒழுங்கையைத் திருத்துவதும், மாதர் சங்கம் கூட்டித் தையல் வகுப்பு நடத்துவதும் ஊரார் தாமே கூடிப் பேசி முடிவெடுத்துச் செய்தவை. 1930களில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் தங்களுக்கென ஒரு மருத்துவமனையையே அமைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் திண்டுக்கல்லுக்கு அருகே மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே 1956இல் உருவான கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் நிறுவிய சமூகப்பணிக் கல்லூரி இன்றும் சமூக மேம்பாட்டைக் கற்பித்து வருகிறது. ஊரில் பெரியவர்கள் சம்பளமின்றிச் செய்ததைத்தான் இலண்டனில் பிள்ளை பட்டத்துடன் செய்ய விரும்புகிறது என்று சொன்னால், தாத்தாவுக்கு உடனே விளங்கும். தகப்பனுக்குத்தான் சற்று நேரம் எடுக்கும்!

பிரித்தானியாவில் இத்துறையின் வேர்களைத் தேடுபவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எலிசபெத் தடத்தில் செவன் கிங்ஸில் ஏறி வைற்சப்பலில் இறங்கினாற் போதும். 1884இல் சாமுவேல் பார்னெற், ஹென்றியெற்றா பார்னெற் தம்பதியினர் அங்கே தொய்ன்பி ஹோல் என்ற நிலையத்தைத் தொடங்கினார்கள். வசதியான பல்கலைக்கழகத்து இளைஞர்கள் ஏழைகள் நடுவே குடியிருந்து கற்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். பின்னாளில் பிரதமரான கிளெமென்ற் அட்லியும், 1942இல் புகழ்பெற்ற சமூகக் காப்புறுதி அறிக்கையை எழுதிய வில்லியம் பெவரிட்ஜும் இளமையில் அங்கே பணியாற்றியவர்கள். இன்று தமிழ் முதியோர் இலவசமாக மருத்துவரைப் பார்க்கிறார்கள் என்றால், அந்த ஏற்பாட்டின் பின்னால் கிழக்கு இலண்டன் கற்றுக்கொடுத்த பாடமும் இருக்கிறது.

இன்னொரு பாடம் கனிங் ரவுணில் கிடைத்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1969இல் பிரித்தானிய உள்துறை அமைச்சு சமூக மேம்பாட்டுத் திட்டங்கள் என்ற பெயரில் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. நாடெங்கும் பன்னிரண்டு வறிய பகுதிகள் தெரிவுசெய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று நியூஹாமிலுள்ள கனிங் ரவுண். அங்கு வாழும் குடும்பங்களிலேயே ஏதோ குறை இருக்கிறது, அதைத் திருத்தினால் வறுமை நீங்கும் என்ற நினைப்பே திட்டத்தின் தொடக்கம். களத்துக்குச் சென்ற பணியாளர்களும் ஆய்வாளர்களும் மக்களுடன் பழகிக் கணக்கெடுத்துப் பார்த்தபோது வேறொன்றைக் கண்டார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டு வந்தன. துறைமுகத்தில் வேலை குறைந்து வந்தது. முதலீடு வேறிடம் போய்க்கொண்டிருந்தது. குறை குடும்பங்களில் இருக்கவில்லை. இதை அவர்கள் அறிக்கைகளாக வெளியிட்டபோது அமைச்சுக்கு அது இனிக்கவில்லை. எழுபதுகளின் முடிவுக்குள் திட்டங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. 1981இல் றோயல் துறைமுகங்களும் மூடப்பட்டன. அறிக்கைகள் சொன்னது சரியென்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

பல்கலைக்கழகத்தில் இத்துறை மாணவர் கற்பது இந்தப் பார்வையைத்தான். ஒரு துன்பத்தைக் கண்டவுடன் அனுதாபப்படுவது எவருக்கும் இயலும். அதன் காரணம் எங்கே இருக்கிறது, அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, பாதிக்கப்பட்டவர்கள் தாமே அதைக் கேட்டுப் பெறுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆராய்வதற்குப் பயிற்சி வேண்டும். சமூகவியல், சமூகக் கொள்கை, இனப்பாகுபாடு, ஆய்வு முறை, குழுக்களை நடத்தும் முறை, நிதி விண்ணப்பம் எழுதுதல், கணக்குக் காட்டுதல் ஆகியவை பாடங்களாக அமைகின்றன. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பௌலோ பிரெய்ரேயின் சிந்தனை இல்லாத பாடநெறி அரிது. வகுப்பறைக்கு நிகராகக் களப்பயிற்சி உண்டு. மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ், இளையோர் நிலையத்திலோ அகதிகள் அமைப்பிலோ வீட்டுக் குடியிருப்பாளர் சங்கத்திலோ நூற்றுக்கணக்கான மணிநேரம் பணிசெய்து, செய்ததைப் பற்றி எழுத வேண்டும்.

கணினித் துறையில் இருப்போருக்கு இது எளிதில் விளங்கும். பயன்படுத்தப் போகிறவரை ஒரு தடவையேனும் கேளாமல் எழுதப்பட்ட மென்பொருள் எத்தனை அழகாக இருந்தாலும் மூலையில் கிடக்கும். 2009க்குப் பின்னர் தாயகத்துக்கு நல்ல மனத்துடன் அனுப்பப்பட்ட உதவிகளிலும் இந்தப் பிழை நேர்ந்ததுண்டு. தையல் இயந்திரங்கள் போய்ச் சேரும். நூல் வாங்கவும் தைத்ததை விற்கவும் வழி இராது. பணம் கொடுத்தவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. பெற்றுக்கொள்பவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது ஒரு கலை. அது கற்கப்பட வேண்டியது.

இனித் தகப்பனின் முதற் கேள்வி. இங்கிலாந்தில் 2025இல் தொடங்கிய கல்வியாண்டுக்குப் பட்டப்படிப்பின் உச்சக் கட்டணம் 9,535 பவுண். 2023 ஆகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியோர் கடனை, ஆண்டு வருமானம் 25,000 பவுணைக் கடந்த பின்னரே, கடந்த தொகையில் நூற்றுக்கு 9 வீதம் திருப்பிச் செலுத்தத் தொடங்குவர். 40 ஆண்டுகளுக்குப் பின் எஞ்சியது கழிக்கப்படும். இது சிறு சுமையன்று. இத்துறைச் சம்பளம் மருத்துவருடையதையோ மென்பொருள் பொறியியலாளருடையதையோ எட்டாது. பல பதவிகள் நிதி கிடைக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே உரியவை. இதையெல்லாம் பிள்ளை அறிந்துகொண்டே இறங்க வேண்டும்.

ஆனால் வேலையே இல்லை என்பது தவறு. உள்ளூராட்சி மன்றங்கள், வீட்டுச் சங்கங்கள், தேசிய சுகாதார சேவை, அறக்கொடை நிறுவனங்கள் எல்லாம் இத்தகையோரை அமர்த்துகின்றன. பெற்றோர் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் இங்கே தெளிவாக்க வேண்டும். சமூகப் பணியாளர் என்னும் பதவிப்பெயர் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது. அதற்குத் தனிப் பட்டமும் பதிவும் வேண்டும். சமூக மேம்பாட்டுப் பட்டம் அந்தப் பதிவைத் தராது. இளையோர் பணியில் தொழில்முறைத் தகுதி பெறுவதற்கு 2010 முதல் சிறப்புப் பட்டம் தேவைப்படுகிறது. ஆகவே சேரப்போகும் பாடநெறிக்குத் தேசிய இளையோர் முகவரகத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேட்டறிவது அவசியம். நியூ குறொஸிலுள்ள கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி சமூக மேம்பாட்டையும் இளையோர் பணியையும் இணைத்த பட்டத்தால் பெயர் பெற்றது. பாடநெறிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலையே பார்க்க வேண்டும்.

2011ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் தமிழைத் தமது முதன்மை மொழியாகக் குறித்தார்கள். கோயில்கள், தமிழ்ப் பாடசாலைகள், பழைய மாணவர் சங்கங்கள் இச்சமூகத்துக்கு நிறையவே உண்டு. 1986இல் நியூஹாமில் தொடங்கப்பட்ட தமிழர் நலன்புரிச் சங்கம் போன்றவை அகதிகளாக வந்தோருக்குச் சட்ட ஆலோசனை தந்து தாங்கிப் பிடித்தன. அவற்றைத் தொடங்கிய தலைமுறைக்கு இப்போது வயதாகிறது. பல சங்கங்களில் தலைவரும் செயலாளரும் இருபது ஆண்டுகளாக அதே இருவர். கலைவிழா தவறாமல் நடக்கிறது. ஆங்கிலம் தெரியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மூதாட்டிக்காகவோ, இரவு முழுவதும் எரிபொருள் நிலையத்தில் நின்று வேலை செய்பவரின் சம்பளத்துக்காகவோ மன்றத்துக்குப் போய்ப் பேச ஆளில்லை.

பேசினால் என்ன நடக்கும் என்பதற்குக் கிழக்கு இலண்டனே சான்று. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் சேர்ந்த ரெல்கோ என்னும் கூட்டமைப்பு 2001இல் வாழ்வூதிய இயக்கத்தைத் தொடங்கியது. 2003இல் கனரி வார்வ் வங்கித் தலைமையகமொன்றில் இரவில் துப்புரவு செய்த தொழிலாளி ஒருவர், அந்த வங்கியின் பங்குதாரர் பொதுக்கூட்டத்திலேயே எழுந்து தன் நிலையைத் தலைவரிடம் சொன்னார். அவரைப் போன்றோரின் ஊதியம் பின்னர் உயர்ந்தது. அந்த மனிதர் தற்செயலாக அங்கே போய் நிற்கவில்லை. பல மாதங்கள் வீடு வீடாகச் சென்று பேசி ஆட்களைச் சேர்த்த அமைப்பாளர்கள் பின்னால் இருந்தார்கள்.

இளையோருக்கு ஒரு வார்த்தை. சேர்க்கையின்போது இத்துறையினர் புள்ளிகளை மட்டும் பார்ப்பதில்லை. எங்கே, யாருடன், எவ்வளவு காலம் தொண்டு செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஆதலால் விண்ணப்பத்துக்கு முந்திய ஆண்டிலேயே முதியோர் மதிய உணவுக் கூடத்திலோ சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையிலோ வாரம் மூன்று மணிநேரம் கொடுக்கத் தொடங்குங்கள். முதல் மாதத்திலேயே சலிப்பு வந்தால் இத்துறை உங்களுக்கு உரியதன்று. கணக்கியலுக்குத் திரும்பலாம், எவரும் குறை நினையார். சலிக்கவில்லையென்றால், ஒரு நாள் தகப்பனையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அங்கே இருக்கும் முதியவர்களுள் ஒருவர் அவருடைய ஊர்க்காரராக இருக்கக்கூடும்.