கறுப்புத் துணியில் வெள்ளை அச்சு: இயந்திரம் வாங்கும் முன் ஒரு கணக்கு

(கைத்தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த ஆண்டு கைத்தொழில் உதவி கேட்டு நமக்கு வந்த மனுக்களில் நான்கு, ஒரே பொருளைக் கேட்கின்றன. கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிற டி-ஷர்ட்டுகளில் படமும் எழுத்தும் பதிப்பதற்கான வெள்ளை டோனர் லேசர் பிரிண்டர்தான் அது. இரண்டு வீடுகளில், அறக்கட்டளை தருவது போக மீதித் தொகைக்கு நகையை அடகு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு வீட்டின் நகை வெளியே போகும்முன், அந்தப் பணம் எந்த வேலைக்குப் போகிறது, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று குடும்பம் முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இன்று இதை விரிவாகப் பேசுகிறோம்.

முதலில், வெள்ளை டோனர் எதற்கு? நம் வீட்டுப் பிள்ளைகள் பிராஜெக்ட் அச்சடிக்கும் கலர் லேசர் பிரிண்டரில் நான்கு கார்ட்ரிட்ஜ் இருக்கும். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. வெள்ளை கிடையாது. காகிதமே வெள்ளையாக இருப்பதால் அது தேவைப்படுவதில்லை. படத்தில் வெள்ளை வரும் இடத்தைப் பிரிண்டர் சும்மா விட்டுவிடுகிறது. மேலும், கலர் டோனர் கண்ணாடித் தாள் போன்றது. அடியிலிருக்கும் வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பினால்தான் நிறம் கண்ணுக்குத் தெரியும். கறுப்புத் துணிமேல் மஞ்சளை வைத்தால் மஞ்சள் காணாமல் போய்விடும். சுவருக்கு வண்ணம் அடிக்கும்முன் வெள்ளை பிரைமர் அடிக்கிறோமல்லவா? அதுபோல, கறுப்புத் துணிக்கும் நிறத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் படலம் வேண்டும். அதுதான் வெள்ளை டோனரின் வேலை. சுவர் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்ஸைடுதான் இதற்கும் வெண்மை தருகிறது.

இதற்கென்றே செய்யப்பட்ட பிரிண்டர்கள் உண்டு. ஓக்கி நிறுவனத்தின் 8432 டபிள்யூ.டி. என்ற ஏ3 மாடலில் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இருக்கும். 9541 டபிள்யூ.டி. மாடலில் நான்கு நிறங்களோடு ஐந்தாவதாக வெள்ளை இருக்கும். 'கறுப்பு இல்லாமல் எப்படி?' என்று கேட்கலாம். கறுப்புச் சட்டையில் கறுப்பு வரவேண்டிய இடத்தை அச்சிடாமல் விட்டுவிட்டால் போதும், துணியே கறுப்பாக நிற்கும். டோனரும் மிச்சம். ஆனால் சிவப்புச் சட்டையில் கறுப்பு எழுத்து வேண்டுமென்றால் மூன்று நிறங்களையும் கலந்துதான் கறுப்பு வரவேண்டும். அது சற்றுப் பழுப்படித்துத் தெரியலாம்.

மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது. சாதாரணப் பிரிண்டரில் கறுப்புக் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, அதே அளவில் வேறு கம்பெனிகள் விற்கும் வெள்ளைக் கார்ட்ரிட்ஜைப் போடுவது. செலவு குறைவு. ஆனால் எல்லா மாடலுக்கும் அது கிடைக்காது. வாரண்டியும் போய்விடலாம். நிறத்தை ஒருமுறை, வெள்ளையை ஒருமுறை என்று ஒரே தாளை இருமுறை ஓட்டினால், தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் வெள்ளைக்கோடு எட்டிப் பார்க்கும். ஒரே வெள்ளை நிறத்தில் பெயர் மட்டும் அடிப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தும். பல நிறப் படங்களுக்குப் பொறுமையும் தாளும் நிறையச் செலவாகும்.

பிரிண்டரிலிருந்து அச்சு நேராகத் துணிக்குப் போவதில்லை. அதற்கு இரண்டு தாள்கள் வேண்டும். 'ஏ' தாளில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாற்றி அச்சிடுகிறோம். நிறம் அடியிலும் வெள்ளை அதற்கு மேலும் வரவேண்டும். திருப்பிப் போடும்போது வெள்ளை துணிப்பக்கம் போய்விடும். 'பி' தாளில் பசை இருக்கிறது. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்திப் பிரித்தால், டோனர் இருக்கும் இடத்தில் மட்டும் பசை ஒட்டிக்கொள்ளும். டோனர் இல்லாத இடத்தில் ஒட்டாது. அதனால் கத்தரியால் ஓரம் வெட்ட வேண்டியதில்லை. பிறகு 'ஏ' தாளைத் துணிமேல் வைத்து மறுபடி அழுத்துகிறோம். எத்தனை டிகிரி, எத்தனை விநாடி, சூட்டோடு உரிப்பதா ஆறவிட்டு உரிப்பதா என்பது தாளுக்குத் தாள் மாறும். தாள் கம்பெனி தரும் குறிப்பை அப்படியே பின்பற்றுங்கள். பக்கத்துக் கடைக்காரர் சொன்ன அளவு அவருடைய தாளுக்கு மட்டுமே சரி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இங்க்ஜெட் பிரிண்டருக்கான டிரான்ஸ்ஃபர் தாளை லேசர் பிரிண்டரில் ஒருபோதும் விடாதீர்கள். லேசர் பிரிண்டருக்குள் டோனரை உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் என்ற சூடான உருளை இருக்கிறது. இங்க்ஜெட் தாளின் பூச்சு அதில் உருகி ஒட்டிக்கொண்டால் ஃபியூசரே வீணாகிவிடும். வாங்கும்போது உறையில் 'லேசர்' என்று இருக்கிறதா, 'டார்க்' என்று இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த கணக்கு.

கார்ட்ரிட்ஜ் பெட்டியின்மேல் இத்தனை ஆயிரம் பக்கம் வரும் என்று போட்டிருப்பார்கள். பொதுவாக அது, ஒரு பக்கத்தில் நூற்றில் ஐந்து பங்கு இடத்தில்தான் அந்த நிறம் விழும் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஒரு சிறிய கடிதம் அளவுக்கு எழுத்து. நாம் செய்யப் போவதோ படத்துக்கு அடியில் முழுக்க வெள்ளை விரிப்பது. அது பக்கத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை மூடுகிறது என்று வையுங்கள். பெட்டியில் 6000 பக்கம் என்றிருந்தால் நமக்குக் கிடைப்பது 500 பக்கம். உதாரணத்துக்கு அந்தக் கார்ட்ரிட்ஜ் விலை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் ஒரு பக்கத்துக்கு வெள்ளை 2 ரூபாய் 50 காசு என்று நினைப்பார். உண்மையில் ஆவது 30 ரூபாய். அதோடு மற்ற மூன்று நிறங்கள், 'ஏ' தாள், 'பி' தாள், மின்சாரம், பழகும்வரை வீணாகும் தாள்கள். டிரம், பெல்ட், ஃபியூசர் எல்லாம் ஒருநாள் மாற்றவேண்டிய சாமான்கள்தான். அவற்றுக்கும் ஒவ்வொரு சட்டையிலிருந்தும் சில ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். மனு எழுதியவர்கள் வீட்டுக்குப் போய், தங்களிடம் உள்ள விலைப்பட்டியலை வைத்து இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பழைய பிரிண்டர் மலிவாக வருகிறது என்று சிலர் சொல்கிறார்கள். ஓக்கி நிறுவனம் 2021-இல் அமெரிக்க நாடுகளில் பிரிண்டர் விற்பனையையே நிறுத்திக்கொண்டது. ஒரு மாடலின் விற்பனை நின்றால், அதன் கார்ட்ரிட்ஜும் உதிரிபாகமும் நாளடைவில் அருகிவிடும். பழைய இயந்திரத்துக்கு விலை பேசும்முன், அதன் வெள்ளைக் கார்ட்ரிட்ஜ் இன்று எந்தக் கடையில் இருக்கிறது, என்ன விலை, பழுது பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பூரில் டி.டி.எஃப். என்ற முறையில் அச்சடித்துத் தருகிறார்கள். பிளாஸ்டிக் ஃபிலிம்மேல் நிறமையும் வெள்ளை மையும் அடித்து, பசைத்தூள் தூவி, சூடாக்கிச் சுருளாகத் தருவார்கள். மீட்டர் கணக்கில் வாங்கலாம். நாம் வெட்டி, துணிமேல் வைத்து அழுத்தினால் போதும். நிறத்திலும் நீட்சியிலும் துவைப்புக்குத் தாங்குவதிலும் அது லேசர் அச்சைவிடப் பெரும்பாலும் மேலாகவே இருக்கிறது. அப்படியானால் வெள்ளை டோனருக்கு என்ன சிறப்பு? டி.டி.எஃப். இயந்திரத்தின் வெள்ளை மை தினமும் ஓடவேண்டும். ஓடாமல் கிடந்தால் அடியில் படிந்து, ஹெட்டை அடைத்துவிடும். டோனர் உலர்ந்த தூள். பத்து நாள் ஆர்டர் இல்லாவிட்டாலும் கெடாது. ஆக, தினமும் வேலை இருக்கும் பெரிய பட்டறைக்கு டி.டி.எஃப்., எப்போதாவது வேலை வரும் வீட்டுக்கு டோனர் என்று ஆகிறது. ஆனால் எப்போதாவது வேலை வரும் வீடு அவ்வளவு விலை கொடுத்து இயந்திரம் வாங்கலாமா என்பதுதான் நம் முன்னுள்ள கேள்வி.

டோனருக்கு மட்டுமே உள்ள ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறோம். பிரிண்டர் தாங்கும் கனத்துக்குள் இருந்தால், அடர்பச்சை, மெரூன், கருநீல அட்டையில் வெள்ளை எழுத்தை அது நேராகவே அச்சிடும். நிக்காஹ் அழைப்பிதழ், அதன் கவர், இனிப்புப் பெட்டிமேல் கட்டும் சீட்டு போன்றவற்றுக்கு இடைத்தாளோ ஹீட் பிரஸ்ஸோ வேண்டாம். நூறு, ஐம்பது என்று குறைந்த எண்ணிக்கையில் கேட்பவர்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் கட்டுப்படியாகாது. அங்கே இந்த இயந்திரம் சம்பாதிக்கும். சட்டையை மட்டும் நம்பி வாங்குகிறவரைவிட, அட்டையையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவருக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும்.

தொழிலில் இறங்குகிறவர்கள் கவனிக்கவேண்டிய சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

வீட்டு இஸ்திரிப் பெட்டி இதற்குப் போதாது. சூடும் அழுத்தமும் எல்லா இடத்திலும் சமமாக விழவேண்டும். ஹீட் பிரஸ்ஸுக்கு எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் தேவை. குழந்தைகள் நடமாடும் கூடத்தில் வைக்காதீர்கள்.

அச்சிடும்முன் துணியைச் சில விநாடி வெறுமனே அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். தாள்களைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள். மழைக்காலத்தில் பாதித் தவறு ஈரத்தால் வருவதுதான்.

துணி பருத்தியா பாலியஸ்டரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்புப் பாலியஸ்டர் ஜெர்ஸியில் சூடு பட்டால், துணியின் சாயம் மேலேறி வெள்ளை எழுத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும். புர்கா துணிகளில் பல பாலியஸ்டர்தான். அதிகச் சூட்டில் பிரஸ் தடம் பளபளவென்று விழுந்தால் போகாது. முதலில் ஒரு துண்டில் சோதியுங்கள்.

படத்தில் புகைபோல மங்கி மறையும் இடங்களில் டோனர் குறைவாக இருக்கும். அங்கே பசை பிடிக்காது. அவற்றைப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ மாற்ற வேண்டும். பெரிய முழுக்கட்டமாக அடித்தால் அட்டைபோல விறைத்து, நாளடைவில் வெடிக்கும். அதையும் இடைவெளி விட்டுப் பிரித்து அடியுங்கள்.

டோனர் தூள் சிந்தினால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். கையில் பட்டால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீரில் அது இளகி ஒட்டிக்கொள்ளும்.

வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். உட்புறம் வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும், அச்சின்மேல் இஸ்திரி போடக்கூடாது என்று ஒரு சீட்டு வைத்துக் கொடுங்கள். நீங்கள் அச்சிட்ட சட்டை ஒன்றை உங்கள் வீட்டிலேயே பத்து முறை துவைத்துப் பார்த்த பிறகு விற்கத் தொடங்குங்கள். பெரிய கம்பெனிகளின் முத்திரையையோ சினிமாப் படத்தையோ அனுமதியில்லாமல் அச்சிட்டு விற்காதீர்கள். அது பிறர் உடைமை, சட்டப்படியும் குற்றம். பள்ளிக்கூடம், கடை, விளையாட்டுக் குழு என்று நம் ஊரிலேயே நேர்மையான வேலை போதுமான அளவு இருக்கிறது.

இவ்வளவையும் வைத்து அறக்கட்டளை நிர்வாகக் குழு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. இப்போதைக்குப் பிரிண்டர் வாங்க யாருக்கும் கடன் தருவதில்லை. நான்கு வீடுகளுக்கும் ஹீட் பிரஸ் வாங்க வட்டியில்லாக் கடன் தருகிறோம். அச்சைத் திருப்பூரிலிருந்து மீட்டர் கணக்கில் எல்லோரும் சேர்ந்து வாங்குங்கள். மூன்று மாதம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். எத்தனை சட்டை, எத்தனை அழைப்பிதழ் விசாரணை, எந்த நிறம், என்ன லாபம், எத்தனை வீணானது எல்லாம் அதில் இருக்கட்டும். நான்கு நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். வேலை இயந்திரத்தைக் கேட்கிறது என்று தெரிந்தால், நான்கு வீட்டுக்கும் பொதுவாக ஒரு வெள்ளை டோனர் பிரிண்டரை அறக்கட்டளைக் கூடத்தில் வைப்போம். பயன்படுத்தும் பக்கத்துக்கு மட்டும் செலவைக் கொடுத்தால் போதும். கேட்கவில்லை என்றால், ஹீட் பிரஸ் உங்கள் வீட்டில் சம்பாதித்துக்கொண்டிருக்கும், நகை பெட்டியில் இருக்கும்.

இது பிள்ளைகளின் ஆசைக்குப் போடும் தடை என்று பெற்றோர் நினைக்க வேண்டாம். கற்கவேண்டியதில் பெரும்பகுதி, அதாவது துணியறிவது, அழுத்தம் பிடிப்பது, படம் தயாரிப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, எல்லாம் இந்த மூன்று மாதத்திலேயே கைவந்துவிடும். கம்ப்யூட்டரில் படம் வடிவமைக்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் நம் மஹல்லாவில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்தபடியே நான்கு பேருக்கும் டிசைன் செய்து கூலி பெறலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்த வாரம் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். வரும்போது, நீங்கள் போட்ட கணக்குத் தாளையும் கையோடு கொண்டுவாருங்கள்.