வாளும் வாள் வடித்தோரும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மரபிற் பிறந்த பெண்மணி ஒருவர் காவற்றுறையில் உயர்பதவிக்குரிய பயிற்சியை முடித்து, இறுதி அணிவகுப்பில் வாளேந்தி நடந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். அவரைப் பாராட்டும் இவ்விழாவில், காவலர் ஏந்தும் விழாவாளைப் பற்றிச் சில கூறுக எனச் செயலாளர் என்னைப் பணித்தார். உலைக்களத்தைக் குலச்சொத்தாக உடைய நமக்கு இப்பொருள் புறம்பானதன்று. ஆயினும் வாளேந்தியவரைப் புகழ்வதோடு நின்றுவிட என் மனம் இடந்தரவில்லை. அதனைப் பொறுத்தருள்வீராக.

காவலர்க்கு வாள் என்பது பெரும்பாலும் போர்க்கருவி அன்று. 1829-இல் இலண்டன் மாநகரக் காவற்படை தோன்றியபோதும் காவலர் கையில் நாள்தோறும் இருந்தது கோலே. வாள் இடர் மிக்க காலத்துக்கென வைக்கப்பட்டிருந்தது. இக்காலத்தில் அது வணக்கம் செலுத்துதற்கும் அணிவகுத்தற்கும் உரிய மதிப்புப் பொருளாய்விட்டது. வெட்டும் தொழில் அதற்கு இன்மையின், பெயரும் ஆண்டும் பொறித்து நினைவுப் பொருளாகச் செய்வித்தற்கு வாளைப்போற் பொருத்தமானது பிறிதில்லை என மேனாட்டார் கருதினர். அத்தகைய நினைவு வாள்களுள் தலையாயதென யான் கருதுவது ஒரு படைக்கோ துறைக்கோ அன்றி, ஒரு நகரத்து மக்கள் அனைவருக்குமாகச் செய்யப்பட்டது.

உருசிய நாட்டு ஸ்டாலின்கிராடு நகரில் 1942-இல் தொடங்கிய பெரும்போர் 1943 பிப்ரவரி 2-ஆம் நாள் செர்மானியப் படையின் தோல்வியோடு முடிந்தது. வீடுதோறும் தெருத்தோறும் நின்று போரிட்ட அந்நகரத்தாரைப் போற்றும் பொருட்டு, இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஒரு வாள் செய்ய ஆணையிட்டார். வடிவம் வரைந்தவர் பேராசிரியர் கிளீடோ. உருக்கை அடித்து வாளாக்கியவர் வில்கின்சன் நிறுவனத்துக் கொல்லர் டாம் பீஸ்லி. அவரோடு உழைத்தவர் சிட் ரௌஸ். வெள்ளி வேலையைச் செய்தவர் லெஸ்லி டர்பின். அவர் அப்போது விமானப்படையில் பணியாற்றிக்கொண்டிருந்தவர். பொறிக்கவேண்டிய எழுத்துக்களை அழகுற வரைந்தவர் ஆலிவர்.

அலகின் நீளம் ஏறத்தாழ 36 அங்குலம், இருபுறமும் கூருடையது. கைப்பிடியிற் பொற்கம்பி சுற்றப்பட்டது. பிடியின் முடிவிலுள்ள குமிழ் பளிங்கினால் ஆயது. குறுக்குக் காப்பின் இரு முனைகளும் பொன்முலாம் பூசிய சிறுத்தைத் தலைகள். உறை செந்நிறம் ஊட்டிய ஆட்டுத்தோல். அலகின் ஒருபுறத்தில் ஆங்கிலத்தினும் மறுபுறத்தில் உருசிய மொழியினும், எஃகு நெஞ்சினராகிய அந்நகரக் குடிகளுக்குப் பிரிட்டிஷ் மக்களின் வணக்கத்திற்கு அடையாளமாக மன்னர் அளித்த கொடை இஃது என்னும் பொருள்பட எழுதியுள்ளார்கள். ஸ்டாலின் என்பது அத்தலைவர் தாமே புனைந்துகொண்ட பெயர். அம்மொழியில் எஃகைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. எஃகிற் செய்த பொருளின்மேல் எஃகு நெஞ்சினர் என எழுதி, எஃகின் பெயருடைய நகருக்கு அனுப்பினர். இச்சொற்பொருத்தம் தமிழாசிரியனாகிய எனக்கு இனிக்கிறது, உங்களுக்கு எப்படியோ!

அவ்வாளை இங்கிலாந்தில் மக்கள் காணும்படி வைத்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர்ப் பெருங்கோயிலிலும் பிற இடங்களிலும் அவர்கள் நெடுவரிசையில் நின்று கண்டு சென்றனர். 1943 நவம்பர் 29-ஆம் நாள், பாரசீகத் தலைநகராகிய தெகரானில், ரூஸ்வெல்ட் உடனிருப்ப, சர்ச்சில் அதனை ஸ்டாலினிடம் அளித்தார். ஸ்டாலின் அதனை முத்தமிட்டு வோரோசிலோவ் என்னும் படைத்தலைவர் கையிற் கொடுத்தார். அவர் கையில் வாள் உறையினின்று நழுவியது என்று உடனிருந்தோர் சிலர் எழுதியுள்ளனர். உலகம் புகழும் வாளாயினும் பிடிக்கத் தெரியவேண்டும் அன்றோ!

ஸ்டாலின் ஆட்சியில் அந்நாட்டு மக்கள் பட்ட கொடுமைகளை இன்று உலகம் அறியும். 1961-இல் அந்நகரின் பெயரையே வோல்கோகிராடு என மாற்றிவிட்டனர். வாளின்மேல் உள்ள நகரப்பெயர் இன்று நிலப்படத்தில் இல்லை. எனினும் வாள் அந்நகரத்துக் காட்சிச்சாலையில் இருக்கின்றது. அதனைச் செய்த கொல்லரின் பெயரும் இருக்கின்றது. என் நெஞ்சைத் தொட்டது இதுவே.

இனி நம் பக்கம் வருவோம். வில்கின்சன் நிறுவனத்தை நடத்திய ஹென்றி வில்கின்சன், டமாஸ்கஸ் வாள்களில் நீரலைபோலத் தோன்றும் வரிகளின் காரணத்தை ஆராய்ந்து, 1837-இல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டிற் கட்டுரை வரைந்தார். அவ்வாராய்ச்சியின் ஊற்று நம் தென்னாட்டு உருக்கு. ஆங்கிலர் அதனை ‘வூட்ஸ்’ என வழங்கினர். ‘உருக்கு’, ‘உக்கு’ என்னும் நம் சொற்களின் திரிபே அஃது என்பது அறிஞர் பலர் கருத்து. 1795-இல் பியர்சன் என்பார் இலண்டன் அரசவைக் கழகத்தில் அதனைப்பற்றிக் கட்டுரை படித்தார். பின்னர் ஸ்டோடார்ட்டும் பாரடேயும் அதுபோன்ற உருக்கைத் தாமே செய்ய முயன்று, 1820-இலும் 1822-இலும் எழுதினர். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை கண்ட ஹீத் என்பாரும் நம்மவர் செய்முறையை எழுதிவைத்தார்: இரும்புத் துண்டுகளோடு ஆவாரங் கட்டையை மண்குகையுள் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணாற் பூசி, உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவர். குகை உடைத்தால் உருக்கு உருண்டையாய் வெளிப்படும். கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட உலைகள் இத்தொழிலின் தொன்மையைக் காட்டுகின்றன.

ஆராய்ந்தவர் பெயர்களை யான் அடுக்கிச் சொன்னேன். ஆவாரங் கட்டை வெட்டியவர் யார்? குகையைப் பிசைந்தவர் யார்? வெப்பம் போதும் என்று நிறம் பார்த்துச் சொன்ன கண் யாருடையது? அவருள் ஒருவர் பெயரையேனும் அந்நூல்களில் யான் கண்டிலேன். எழுதியவர்மேற் குறையில்லை எனச் சொல்லேன். ஆனால் முதற்குறை நம்முடையது. நாமே எழுதி வைத்தோமில்லை.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டிக் காவலுடைய மனையில் இருப்பதையும், அதியமானுடையவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறு குடிலிற் கிடப்பதையும் கூறுவர். பள்ளியில் இதனைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அதியமானின் வீரத்தையே யானும் வியந்து பேசிவந்தேன். அக்குடிலில் உட்கார்ந்து முனை திருத்திய கொல்லனைப் பற்றி ஒரு மாணவனும் வினவியதில்லை, யானும் சொன்னதில்லை. நாற்பது கடந்த பின்னரே எனக்கு அது தோன்றியது.

சென்ற ஆண்டு இதே மேடையிற் பட்டம் பெற்றோர்க்கெல்லாம் பொன்னாடை போர்த்தோம். அது நன்றே. ஆனால் எங்கள் ஊரில் அரிவாளுக்கும் கொழுவுக்கும் ஐம்பதாண்டுக்கு மேல் தோய்ச்சல் போட்ட பெரியவர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அவரை மேடைக்கு அழைக்க எவருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் வரவில்லை. இவ்வாண்டு அவரை அழைக்கலாம் என்று வீட்டுக்குச் சென்றேன். அவர் தை மாதத்திற் காலஞ்சென்றார் என்றனர். துருத்தியைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிட்டனர். பட்டறைக்கல் மட்டும் முற்றத்தில் துணி துவைக்கும் கல்லின் அருகே கிடந்தது.

வில்கின்சன் நிறுவனத்தில் 1854 தொடங்கி வாளுக்கு எண்ணிட்டு, அவ்வெண்ணையும் வாங்கியவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி வந்தனர். 2005-இல் அந்நிறுவனம் வாள் செய்தலை நிறுத்திவிட்டது; ஏடுகள் நின்றன. அவ்வாறு ஓர் ஏடு நமக்கும் வேண்டும் என்பது என் விண்ணப்பம். அதில் வாங்கியவர் பெயர் வேண்டா. செய்தவர் பெயர், ஊர், அவர் செய்த பொருள், அவர்க்குக் கைவந்த செய்முறை இவற்றை எழுதுவோம். முதியோர் இருக்கும்போதே அவர் வாய்மொழியைக் கேட்டு எழுதவேண்டும். பள்ளி விடுமுறையில் இளைஞர் இதனைச் செய்யலாம். எழுத்துப் பிழை திருத்தும் பணியை யான் ஏற்கின்றேன்.

இன்று பாராட்டுப் பெறும் நங்கையின் பாட்டனாரும் பட்டறை வைத்திருந்தவர் என அவர் தாயார் சற்றுமுன் என்னிடம் கூறினார். இருநூறு பக்கமுள்ள கட்டுக்கோப்பு ஏடு ஒன்றை வாங்கிச் செயலாளரிடம் தந்துள்ளேன். முதற்பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர் பெயரை எழுதியிருக்கின்றேன். இரண்டாம் பக்கத்தில் அந்தப் பாட்டனாரின் பெயரை அந்நங்கை தம் கையால் எழுதுமாறு வேண்டுகின்றேன்.