விதியா? கவனமின்மையா?
(ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சர்வகலாசாலை ஆராய்ச்சிச் சாலைகளில் உண்டாகும் தீயைப் பற்றிப் பேசும்படி இன்று நாம் கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறோம். ஏர் பிடிக்கிறவனுக்கும் கடை வைத்திருக்கிறவனுக்கும் இந்தப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை விஞ்ஞானம் படிக்க அனுப்புகிறவர்களும் நீங்கள்தானே! அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட கட்டடத்தில், எதைக் கையில் பிடித்துக் கொண்டு நிற்கிறது என்று கேட்க உங்களுக்குப் பாத்தியதை இல்லையா?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் 2008-ம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி நடந்ததைச் சொல்லுகிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலம். 23 வயதுள்ள ஒரு பெண், ஆராய்ச்சி உதவியாளர், தெர்ட்-பியூட்டைல் லித்தியம் என்ற திரவத்தைப் புட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சினால் உறிஞ்சிக் கொண்டிருந்தார். இந்தத் திரவம் காற்றுப் பட்ட மாத்திரத்தில் தானாகவே பற்றி எரியக் கூடியது; நெருப்புக் குச்சி வேண்டியதில்லை. சிரிஞ்சின் தண்டு கழன்று வந்துவிட்டது. திரவம் கையில் கொட்டித் தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்த ஹெக்சேன் குடுவையும் கவிழ்ந்தது. அவர் போட்டிருந்ததோ செயற்கை நூலில் செய்த ஸ்வெட்டர். அதற்கு மேல் ஆராய்ச்சிச் சாலை அங்கி இல்லை. அவசரக் குளியல் குழாய் அதே அறையிலேயே இருந்தும் அதன் அடியில் அவரைக் கொண்டு போய் நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. 18 நாள் கழித்து, 2009 ஜனவரி 16-ந் தேதி அவர் இறந்து போனார்.

நம் நாட்டில் இப்படி நடந்திருந்தால் என்ன சொல்லுவோம்? "அவள் தலையெழுத்து" என்போம். ஜாதகத்தைக் கூடப் புரட்டிப் பார்ப்போம். ஆனால் அங்கு விசாரித்தவர்கள் எதைப் புரட்டினார்கள்? காகிதங்களைப் புரட்டினார்கள். தீப்பிடித்ததற்கு இரண்டு மாதம் முன்னாலேயே சர்வகலாசாலையின் சொந்தப் பரிசோதகர்கள் அந்த அறையைப் பார்த்து, வேலை செய்கிறவர்கள் அங்கி அணிவதில்லை என்பது உட்படப் பல குறைகளை எழுதி வைத்திருந்தார்கள். எழுதியது எழுதியபடியே கிடந்தது. அந்தப் பெண்ணுக்கு இந்த வேலையில் பயிற்சி கொடுத்ததற்கு ஒரு தஸ்தாவேஜும் இல்லை. தொழில் பாதுகாப்பு இலாகா 31,875 டாலர் அபராதம் போட்டது. 2011-ல் அந்தச் சர்வகலாசாலையின் நிர்வாகத்தின் மேலும் பேராசிரியர் மேலும் கிரிமினல் வழக்கே போட்டார்கள். பின்னால் இரண்டும் உடன்படிக்கையில் முடிந்தன. முடிந்தாலும், ஒரு ஆராய்ச்சிச் சாலை மரணத்துக்காகப் பேராசிரியர் ஒருவர் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்ததே, அதுதான் மற்றச் சர்வகலாசாலைகளையும் விழிக்க வைத்தது.

நிற்க. தீ எப்படி வருகிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈதர் என்பது -45 டிகிரிக் குளிரிலேயே பற்றக் கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றை விடக் கனமானதால், மேலே போகாமல் தண்ணீரைப் போல மேஜையிலும் தரையிலும் ஊர்ந்து போய், எங்கோ தூரத்தில் எரிகிற அடுப்பைத் தொட்டு, வந்த வழியே நெருப்பாகத் திரும்பும். வீட்டில் வைக்கும் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் இதை வைத்தால், பெட்டிக்குள் இருக்கும் மின்சார ஸ்விச்சின் பொறியே போதும், கதவைத் தகர்த்து விடும். மெக்னீசியம் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் தீ அதிகமாகும். கரியமில வாயுவை அடித்தாலும் அணையாது. உலர்ந்த மணல் வேண்டும். தீயை எல்லாம் தண்ணீர் அணைக்கும் என்று நம்புவதும் ஒரு மூட நம்பிக்கைதான்! ஆனால் உடம்பில் பற்றிய தீக்குத் தண்ணீரைப் போல் மருந்து இல்லை. ஆகவேதான் அவசரக் குளியல் குழாய் பத்து விநாடி நடையில் இருக்க வேண்டும், கால் மணி நேரம் இடைவிடாமல் கொட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் தரம் வகுத்திருக்கிறார்கள். மேல் மாடிக்குப் போகப் போக, வைத்திருக்கும் எரிதிரவத்தின் அளவையும் குறைத்து விட்டார்கள். ஏணி எட்டாத உயரத்தில் எரிந்தால் யார் போய் அணைப்பது?

மற்றொரு விஷயம், நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. 2016 மார்ச் 16-ந் தேதி ஹவாய் சர்வகலாசாலையில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து அடைத்த ஒரு தொட்டி வெடித்து, ஆராய்ச்சி செய்து கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு கை போய்விட்டது. தொட்டியைத் தொட்டபோது உடம்பில் சுரீரென்று மின்சாரம் தாக்குவதாக அவர் முன்னமே மேலே சொல்லியிருந்தார். சொல்லியும் வேலை நிற்கவில்லை. நம் பக்கத்திலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2018 டிசம்பர் 5-ந் தேதி நடந்த வெடிப்பில் ஒருவர் மாண்டார், மூவர் காயப்பட்டார்கள்.

இந்தச் சாலைகளில் புட்டியைக் கையில் பிடிப்பவர் பெரும்பாலும் யார்? 22, 23 வயதுப் பிள்ளைகள். கட்டுரையில் பேர் வருவதும், பட்டம் வருவதும், சிபாரிசுக் கடிதம் வருவதும் மேலே இருப்பவர் கையில். "ஐயா, இது ஆபத்தாகத் தோன்றுகிறது" என்று சொன்னால் பட்டம் போய்விடுமோ என்று பயந்து வாய் மூடி நிற்கிறார்கள். குருவை எதிர்த்துப் பேசலாகாது என்று மூவாயிரம் வருஷமாகச் சொல்லிக் கொடுத்த நாட்டில் இந்தப் பயம் இன்னும் எத்தனை மடங்கு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயுத பூஜையன்று வாயு உருளைக்குச் சந்தனப் பொட்டு வைக்கிற அக்கறையில் கால் பங்கு, அந்த உருளையைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டுவதில் காட்டினால், அது சாய்ந்து வால்வு உடைந்து குண்டு மாதிரி பறக்காமல் இருக்கும்.

உங்கள் பிள்ளை லீவில் ஊருக்கு வரும்போது மார்க்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். குளியல் குழாய் எங்கே இருக்கிறது, அது கடைசியாக எப்போது திறந்து பார்க்கப்பட்டது, கண்ணாடி போட்டுக் கொள்கிறாயா, ராத்திரியில் தனியாக வேலை செய்கிறாயா என்று கேளுங்கள். அந்த அறைக்கு இரண்டாவது கதவு உண்டா, உண்டென்றால் அது வெளிப்பக்கமாகத் திறக்கிறதா, அல்லது திருட்டுக்குப் பயந்து அதைப் பூட்டிச் சாவியை ஆபீசில் தொங்க விட்டிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.