பில்லைப் பிரித்துப் படிக்கும் லைப்ரரி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் கணினித்துறை மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லைப்ரரியைப் பற்றிப் பேசப்போறேன்னு சொன்னதும், நம்ம கல்லூரி நூலகத்தைப் பற்றி என்று சிலபேர் நினைச்சிருப்பீங்க. இது வேற லைப்ரரி. புரோகிராம் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலையை ஒருத்தர் முன்கூட்டியே ஒழுங்காக எழுதி, சோதித்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருப்பார். அதுக்குப் பேர் லைப்ரரி. அதில் ஒரு வகை, ஒழுங்குபடுத்திய தகவல் ஆவணங்களைப் பிரித்துப் படிப்பது, திருத்துவது, திரும்ப எழுதுவது. இதைப் பார்சர் என்பார்கள்.

இதுக்கும் விஸ்வநத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. நம்ம பக்கத்துப் பட்டாசு ஆபீசிலும் அச்சாபீசிலும் இன்று இரண்டு வகை ஆவணங்கள் ஓடுகின்றன. வெளியிலிருந்து டேலிக்குள் கணக்கு ஏற்றுவதற்கு எக்ஸ்எம்எல். இ-இன்வாய்ஸ், இ-வே பில் தளங்களுக்கு அனுப்புவதற்கு ஜேசான். எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் தரமாக வெளிவந்தது. ஜேசான் 2001 வாக்கில் டக்ளஸ் கிராக்ஃபோர்டு கொண்டுவந்தது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. அதனால் இது பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் மட்டும் இல்லை.

ஒரு பில்லை எடுத்துக்குங்க. அதுக்குள்ள விற்பவர், வாங்குபவர், சரக்குப் பட்டியல். பட்டியலுக்குள்ள ஒவ்வொரு சரக்கு. சரக்குக்குள்ள பேர், எச்எஸ்என் எண் (பட்டாசுக்கு 3604, காலண்டருக்கு 4910), எத்தனை, என்ன விலை. கிளைக்குள் கிளையாகப் பிரியும் மரம் மாதிரி. இந்த மரத்தை வரிவரியான எழுத்தாக்கி அனுப்பினால் அதுதான் ஜேசான்.

‘வெறும் எழுத்துதானே, நானே ஒட்டி எழுதிடறேன்’ என்று தோன்றும். அங்கேதான் வினை. ஜேசானில் ஒவ்வொரு பேரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்கணும். நம்ம ஊர் விலைப்பட்டியலில் என்ன எழுதியிருக்கு? 4" லட்சுமி, 2¾" குருவி. இஞ்சுக்குப் போடுகிற அந்தக் குறியும் மேற்கோள் குறியும் ஒண்ணுதான். கையால் ஒட்டிய புரோகிராம், 4 என்ற இடத்திலேயே பேர் முடிந்துவிட்டதாக எழுதிவிடும். மீதி லட்சுமி நடுத்தெருவில் நிற்கும்.

எக்ஸ்எம்எல்லுக்கு வேறொரு எதிரி. நம்ம கடைப் பேரில் பாதி ‘& சன்ஸ்’, ‘& கோ’. அந்த & குறி எக்ஸ்எம்எல்லில் தனிப்பொருள் உடையது, அப்படியே எழுதக்கூடாது. அடுத்தது மாநில எண். ஹரியானா பார்ட்டிக்கு 06. அதை எண்ணாக எழுதினால் ஜேசான் இலக்கணம் முன்னால் வரும் சுழியத்தை அனுமதிக்காது. எழுத்தாகத்தான் வைக்கணும்.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் இதன் விலை என்னன்னு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இ-இன்வாய்ஸ் கட்டாயமான விற்பனைக்கு, தளம் தருகிற பதிவு எண் இல்லாத பில் செல்லாது. பில் ஏறாவிட்டால் லாரி கிளம்பாது. லோடுமேன் காத்திருப்பார், டிரைவர் காத்திருப்பார். காரணம் ஒரே ஒரு இஞ்ச் குறி.

லைப்ரரி இதை எப்படிச் சமாளிக்குது? நீங்க பேரை அப்படியே கொடுங்க. பைத்தானில் உள்ள ஜேசான் லைப்ரரி எழுதும்போது, இஞ்ச் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டுவிடும். படிக்கும்போது அதை எடுத்துவிட்டுப் பழைய பேரையே தரும். ஒன்று கவனிங்க. இலக்கணம் சரியா என்பது ஒரு சோதனை. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து வரலாம் என்பது அந்தந்தத் தளத்தின் தனி விதி. அந்த விதித்தாளை ஸ்கீமா என்பார்கள், அதையும் படிக்கணும். முடிந்தால் விலைப்பட்டியலிலேயே ‘இஞ்ச்’ என்று எழுத்தில் எழுதிவிடுவது ஆபீசுக்கு நல்லது.

பார்சரின் பெரிய குணம், தப்பானதை மறுப்பது. அச்சாபீசில் நல்ல புரூப் ரீடர் என்ன செய்வார்? சந்தேகம் வந்தால் ஊகித்துத் திருத்தமாட்டார், குறிபோட்டுத் திருப்பி அனுப்புவார். பார்சரும் அப்படித்தான். எத்தனையாவது வரி, எத்தனையாவது எழுத்து என்று சொல்லி நின்றுவிடும். மாணவர்களுக்கு அப்போது கோபம் வரும். ஆனால் தப்பான தொகை சத்தமில்லாமல் கணக்கில் ஏறுவதைவிட அது நிற்பது ஆயிரம் மடங்கு மேல்.

படிப்பதில் இரண்டு முறை உண்டு. முழு ஆவணத்தையும் மரமாக நினைவகத்தில் விரித்துவைப்பது ஒன்று. ஒரு பில் என்றால் இதுவே சௌகரியம். ஒரு வருடத்துக் கணக்கு மொத்தமும் ஒரே கோப்பாக வந்தால், விரித்த மரம் கோப்பைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். அப்போது வரவர வாங்கிப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிற முறைதான் ஏற்றது.

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமல் போகக்கூடாது. எக்ஸ்எம்எல்லில் ஒரு சொல்லுக்குச் சுருக்கப்பேர் வைக்கலாம். ஒரு பேருக்குள் முந்தின பேரைப் பத்து தடவை, அடுத்ததில் அதைப் பத்து தடவை என்று ஒன்பது படி ஏற்றினால் 100 கோடி ஆகிவிடும். ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிகாபைட் நினைவகத்தைத் தின்றுவிடும். பில்லியன் லாஃப்ஸ் தாக்குதல் என்று இதுக்குப் பேர். பத்தாயிரம் வாலாவை ஒரு திரியில் பற்றவைத்த மாதிரி. இதைத் தடுக்கப் பைத்தானில் வந்த ஒரு லைப்ரரியின் பேர் டிஃபியூஸ்டு எக்ஸ்எம்எல், அதாவது திரி பிடுங்கிய எக்ஸ்எம்எல்! பலரும் பயன்படுத்தும் எக்ஸ்பேட் பார்சரிலும் 2021-ல் வந்த 2.4 பதிப்பிலிருந்து உள்ளேயே தடுப்பு இருக்கு. ஆகவே பழைய பதிப்பை வைத்து ஓட்டாதீங்க.

மாணவர்களுக்கு ஒரு வேலை தர்றேன். வீட்டுப் பக்கத்து ஆபீசில் ஒரு விலைப்பட்டியல் வாங்குங்க. இஞ்ச் குறி, & குறி, தமிழ்ப் பேர் எல்லாம் கலந்து இருபது சரக்கு எடுங்க. லைப்ரரி மூலம் ஜேசானாக எழுதி, திரும்பப் படிங்க. போன பேர் அட்சரம் பிசகாமல் திரும்பி வரணும். நடுவில் கோப்பைத் திறந்தால் தமிழ் எழுத்து குறியீடுகளாகத் தெரியலாம், பயப்படாதீங்க. படிக்கும்போது தமிழாகவே வரும்.

ஆபீஸ் நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பில் மென்பொருள் எழுதித் தர வருகிறவரிடம், ‘இதை லைப்ரரி வைத்து எழுதுறியா தம்பி, கையால் ஒட்டுறியா?’ என்று கேளுங்க. அந்த ஒரு கேள்வி போதும்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பிறத்தியார் கண்ட வித்தையைக் கற்று, நம்ம மண்ணுக்கு ஏற்றபடி ஆக்கியதால்தான் இந்த வட்டாரம் எழுந்தது. லைப்ரரியும் அதே வழிதான். இருப்பதைக் கற்றுக்கொள்ளுங்க. குறை கண்டால் திருத்தி உலகத்துக்கே கொடுங்க. பல லைப்ரரிகளின் மூலநிரல் யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது.