சனிக்கு இரண்டு வீடு, பிள்ளைகளுக்கு ஒரே பரீட்சை

(கள்ளக்குறிச்சியில் மாணவர், பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



வானம், பரீட்சை, உயிர்ப் பாதுகாப்பு ஆகிய மூன்றைப் பற்றியும் ஒரே கூட்டத்தில் பேசும்படி நமக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். நாம் வானநூல் பண்டிதருமல்ல. பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவருமல்ல. ஆனாலும் இந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து தட்சணை வாங்குகிற ஆசாமி ஒருவனேதான் என்பது நமக்குத் தெரியுமாதலால், துணிந்து பேச வந்தோம்.

முதலில் வானத்தை எடுத்துக்கொள்ளுவோம். 2025ஆம் வருஷம் மார்ச்சு 29ந் தேதி சனி பெயர்ந்துவிட்டதாகத் திருக்கணிதப் பஞ்சாங்கம் சொல்லிற்று. இல்லை, 2026இல்தான் பெயர்ச்சி என்று வாக்கியப் பஞ்சாங்கம் சொல்லிற்று. திருநள்ளாறு கோவிலாரும் அதையே சொன்னார்கள். தோழர்களே! சூரியனுக்கு ஏறக்குறைய 140 கோடி கிலோமீட்டருக்கப்பால் இருந்துகொண்டு, ஒரு சுற்றுச் சுற்ற 29½ வருஷம் பிடிக்கிற அந்தக் கிரகம், சற்றேறக்குறைய ஒரு வருஷ காலம் ஒரே சமயத்தில் இரண்டு ராசியில் குடியிருந்ததாம்! நம்மில் ஒருவன் அப்படி இரண்டு வீட்டுக்கு ரேஷன் கார்டு வைத்திருந்தால் கேஸ் போடுவார்கள். சனிக்கோ இரண்டு இடத்திலும் எள் விளக்கு.

இது நாஸ்திகர் கண்டுபிடித்த குற்றமல்ல. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவரே, பஞ்சாங்கத்தை ஆகாயத்தைப் பார்த்துத் திருத்த வேண்டுமென்று வாதாடினார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கப் போவதை ஜனங்களுக்கு விளக்கிப் புத்தகமும் போட்டார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? நமக்கு வடக்கே சவ்வாது மலையில் காவலூரில் தொலைநோக்கிகள் இருக்கின்றன. 1988இல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அதற்கு யாரும் அர்ச்சனைச் சீட்டு அச்சடித்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இனி பரீட்சை. டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சை 2025 மே 4ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடந்தது. 1½ மணிக்கு வாசற்கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது உங்கள் வீட்டுக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் 12 முதல் 1½ வரை. பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளே போனது அந்த நேரந்தான். குளிகை 3 முதல் 4½ வரை. ராகு காலம் 4½ முதல் 6 வரை. கடைசி அரைமணி நேரம் முழுவதும் ராகு காலத்தில்தான் எழுதினார்கள். இந்தியா முழுவதும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே எமகண்டம், ஒரே ராகு. முதலாவதாகத் தேறியவரும் அந்த ராகுவில்தான் எழுதினார். தேறாதவரும் அந்த ராகுவில்தான் எழுதினார். அப்படியிருக்க, ஒருவர் தேறியதற்கும் மற்றொருவர் தேறாததற்கும் காரணம் எங்கேயிருக்கிறது?

இங்கேதான், பெற்றோர்களே, நீங்கள் சற்று யோசிக்க வேண்டும். ஒருவர் வருஷக் கணக்காகப் பணங்கட்டித் தனிப் பயிற்சி பெற்றவர். இன்னொருவர் கல்வராயன் மலையில் காட்டுப்பாதையில் நடந்து பள்ளிக்கூடம் போனவர். 1976 வரையில் ஜாகீர்தார்கள் ஆட்சி நடந்த மலை அது. பட்டணத்துப் பிள்ளையின் பாட்டனார் பி.ஏ. படித்த காலத்தில், இந்த மலைப் பிள்ளையின் பாட்டனார் ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, “ஓடு, முந்தி வருகிறவனே தகுதியுள்ளவன்” என்றால் அதற்குப் பெயர் போட்டியா? அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு 7½ சதவிகிதம் ஒதுக்கி 2020இல் சட்டம் செய்தார்கள், நல்ல காரியம். நீட்டே வேண்டாமென்று 2021இல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்கு 2025இல் ஒப்புதல் மறுக்கப்பட்டது. இவ்வளவு சங்கதி இருக்க, பிள்ளை தேறவில்லையென்றதும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். “குரு பார்வை சரியில்லை” என்று ஜோசியன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மலைக்கு ஆசிரியர் போடாதவரையும், பாடத்தை விலைக்கு விற்கிறவரையும் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தட்சணை.

உயிர் விஷயத்திலும் இதே கதைதான். 2024 ஜூன் மாதம் இந்தக் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களுக்கு எமன் மெத்தனால். பார்வைக்குத் தண்ணீர் போலிருக்கும். சாராயத்தில் கலந்தால் நாக்குக் கண்டுபிடிக்காது. உள்ளே போனபின் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது கண் நரம்பைத் தாக்கும். குடித்த அன்றிரவு ஆள் நன்றாகவே இருப்பான். பெரும்பாலும் மறுநாள்தான் கண் மங்கும், மூச்சு வாங்கும். அதற்குள் ஆஸ்பத்திரி சேர்ந்தால் மாற்று மருந்தும், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் பலரைக் காப்பாற்றும். ஆகவே நேரந்தான் உயிர். “அவனவன் விதி” என்று சொன்னவர்களும் உண்டு. ஒரே தெருவில், ஒரே நாளில் இத்தனை பேருக்கா ஒரே விதி முடிந்தது? விதியென்றால் விற்றவனுக்குக் குற்றமில்லை. விற்க விட்டவனுக்கும் குற்றமில்லை. கல்வராயன் மலை ஜனங்களின் நிலைமையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே விசாரிக்க எடுத்துக்கொண்டது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

வானத்தில் நம்மைக் காக்கிறவர் யாருமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் உயரத்தில் மனிதன் வைத்த கடிகாரங்கள் சுற்றுகின்றன. உங்கள் கைப்பேசி வழி காட்டுவது அவற்றைக் கேட்டுத்தான். அவை பூமிக் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ செகண்டு வேகமாக ஓடும். ஐன்ஸ்டைன் சொன்ன கணக்கின்படி அதைத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் தள்ளி வழி காட்டும். இவ்வளவு நுட்பமான கணக்குக்கு ஒரு தேங்காய்கூட உடைக்கத் தேவையில்லை.

ஆனால் கருவி கண்டது குடிசைக்கு வந்து சேர வேண்டுமல்லவா? 2024 நவம்பர் 30இல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலைச் செயற்கைக்கோள் முன்பே பார்த்தது. டிசம்பர் 2ந் தேதி சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. ஆற்றோரத்தில் தூங்குகிறவனை எழுப்புவது யார்? தண்டோராவை 2022இல் சர்க்கார் நிறுத்தியது மிகவும் சரி. ஒரு ஜாதியாரை ஊர் ஊராகப் பறையடித்துக் கூவச் சொன்ன இழிவு அதோடு ஒழியட்டும். அதற்குப் பதிலாக வண்டியில் ஒலிபெருக்கி கட்டுவதென்று ஏற்பாடு. அது உங்கள் ஊருக்கு வருகிறதா? மலையில் பல இடங்களில் கைப்பேசி சிக்னலே எட்டாதபோது, அங்கே எச்சரிக்கை எப்படிப் போகிறது? அடுத்த கிராமசபையில் இந்த இரண்டு கேள்வியையும் எழுதிக் கொடுங்கள்.

நேரமாகிவிட்டது. வெளியே தோழர்கள் தொலைநோக்கியைச் சந்திரனுக்கு நேராக வைத்திருக்கிறார்கள். முதலில் பெண் பிள்ளைகள் போகட்டும். தலைவரவர்கள் அந்த விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லக் கோருகிறோம்.