இடது கைக்கு ஒரு கத்தரிக்கோல்



நம் பெண்பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் கைத்தொழில்களில் தையலுக்கு என்றும் ஒரு தனி இடம் உண்டு. ஒரு தையல் மிஷினும் ஒரு நல்ல கத்தரிக்கோலும் இருந்தால் போதும், வீட்டின் முன்வாசலே ஒரு சிறு தொழிற்கூடமாகிவிடும். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை என்று அக்கம்பக்கத்தார் கொண்டு வந்து கொடுப்பார்கள். தீபாவளி நெருங்கினால் இரவில் விளக்கணைக்க நேரமிருக்காது. வீட்டுச் செலவில் ஒரு பங்கை அந்தத் தொழில் தாங்கிக்கொள்ளும்.

ஆனால், தையல் வகுப்புகளில் அடிக்கடி நடக்கும் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். எல்லாரும் வெட்டுகிற அதே துணியை ஒரு பெண் வெட்டுகிறாள். மற்றவர்கள் வெட்டியது நேராக இருக்கிறது. இவள் வெட்டியது மட்டும் எலி கடித்தது போல் இருக்கிறது. சுண்ணக்கட்டியால் போட்ட கோடு ஒரு பக்கம் போகிறது, வெட்டு இன்னொரு பக்கம் போகிறது. துணி சில இடங்களில் வெட்டுப்படாமல் கத்தரிக்கோலின் வாய்க்குள் மடங்கிக்கொள்கிறது. "இவளுக்குக் கை வராது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அவளும் அதை நம்பிவிடுகிறாள். கட்டைவிரலில் கன்றிப்போன தழும்போடு வகுப்பை விட்டு நின்றுவிடுகிறாள். அவள் கத்தரிக்கோலை எந்தக் கையால் பிடித்தாள் என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

அவள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். அவள் கையில் இருந்ததோ வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட கத்தரிக்கோல். அந்தக் கையைப் பற்றியும் அந்தக் கருவியைப் பற்றியும்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

உலகில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். அப்படியானால் இருபது குடும்பம் இருக்கும் ஒரு லயத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இது பிள்ளையின் பிடிவாதமும் அல்ல, தாயின் வளர்ப்புக் குறையும் அல்ல. வயிற்றிலிருக்கும் குழந்தை எந்தக் கையின் கட்டைவிரலைச் சூப்புகிறது என்பதை ஒலிப்படக் கருவி வழியாகப் பார்த்த ஆய்வாளர்கள், அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பெரும்பாலும் அதே பக்கத்துக் கையையே விரும்பினார்கள் என்று கண்டிருக்கிறார்கள். பிறக்கும் முன்பே தொடங்கிவிடும் ஒன்றைப் பிரம்பால் மாற்ற நினைப்பது வீண்.

நம்மிடையே சோற்றாங்கை, பீச்சாங்கை என்ற பேச்சு உண்டு. சாப்பிடுவதும், பெரியவர்களுக்கு ஒரு பொருளைக் கொடுப்பதும் வலக்கையால்தான் என்பது நம் வழக்கம். அந்த மரியாதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால், கருவி பிடித்துச் செய்யும் வேலை வேறு. அதற்குக் கை தானாக ஓட வேண்டும். காந்தியடிகள் 1909-ஆம் ஆண்டில் கப்பலில் இருந்தபடி 'இந்து சுயராஜ்யம்' என்ற நூலை எழுதியபோது, வலக்கை ஓய்ந்துபோனதும் இடக்கையால் எழுதினார். அந்தக் கையால் எழுதியதால் அந்த நூலுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. வேலை செய்யும் கையில் மட்டமான கை என்று ஒன்று கிடையாது.

இனி கத்தரிக்கோலுக்கு வருவோம். எந்தக் கையால் பிடித்தாலும் கத்தரிக்கோல் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு திருகாணியில் மாட்டப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று உரசி நகரும் இடத்தில்தான் துணி வெட்டுப்படுகிறது. அந்த இடத்தில் இம்மி இடைவெளி இருந்தாலும் துணி வெட்டுப்படாமல் மடங்கும். சாதாரணக் கத்தரிக்கோலில் வலப்பக்க அலகு மேலே இருக்கும். வலக்கையால் மூடும்போது, நாம் அறியாமலே கட்டைவிரல் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது, மற்ற விரல்கள் உள்ளங்கைப் பக்கமாக இழுக்கின்றன. இந்தத் தள்ளலும் இழுப்பும் சேர்ந்து இரண்டு அலகுகளையும் நெருக்கிப் பிடிக்கின்றன. துணி சர்ரென்று வெட்டுப்படுகிறது.

அதையே இடக்கையில் பிடித்தால் எல்லாம் தலைகீழ். அதே தள்ளலும் இழுப்பும் இப்போது அலகுகளைப் பிரித்துவிடுகின்றன. துணி நடுவில் நுழைந்து மடங்குகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. வலக்கைக்காரருக்கு வெட்டுக்கோடு கண்ணுக்கு நேராகத் தெரியும். இடக்கைக்காரருக்கோ மேல் அலகு கோட்டை மறைத்துவிடும். கோட்டைப் பார்க்க அவர் கழுத்தைச் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் குத்துமதிப்பாக வெட்ட வேண்டும். வெட்டு கோணலாகப் போவதற்கு இதுவே காரணம்.

"கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடாதா?" என்று கேட்கலாம். ஆகாது. வலது கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் இடது காலுக்குப் பொருந்துமா? அது போலத்தான் இதுவும். எந்தப் பக்கம் புரட்டினாலும் வலப்பக்க அலகே மேலே நிற்கும். திருகாணியைக் கழற்றி அலகுகளை மாற்றிப் பூட்டினாலும் பயனில்லை. கூர்மைக்காகத் தேய்த்த சரிவு வேண்டாத பக்கம் போய்விடும்.

பால்மரம் வெட்டிப் பழகிய நம் மக்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. மரத்தின் முன் நின்று பார்த்தால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து இறங்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேராக மேலே ஏறாமல் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், அந்தச் சரிவில் வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய வடியும். சரிவை மாற்றினால் அதே மரம், அதே கத்தி, அதே உழைப்பு; ஆனால் பால் குறையும். திசை மாறினால் பலன் மாறும் என்பதை நம் பெற்றோர் மரத்திடம் கற்றார்கள். கத்தரிக்கோலிலும் அதே பாடம்தான்.

ஆகவே, இடக்கைக்காரருக்கு இடக்கைக் கத்தரிக்கோல் வேண்டும். அதில் இடப்பக்க அலகு மேலே இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. "இரண்டு கைக்கும் ஏற்றது" என்று அச்சிட்டு விற்கும் கத்தரிக்கோல்கள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் கைப்பிடியை மட்டும் இரு கைக்கும் பொருந்தும்படி செய்திருப்பார்கள். அலகு பழையபடி வலக்கை அமைப்பிலேயே இருக்கும். விரல் வலிக்காது, ஆனால் துணி மடங்கும். கைப்பிடியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

சரியானதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. கத்தரிக்கோலின் நுனி மேலே இருக்கும்படி முகத்துக்கு நேராகப் பிடித்துச் சற்றே விரியுங்கள். உங்களுக்கு அருகில், முன்னால் இருக்கும் அலகு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் நின்றால் அது இடக்கைக்கு உரியது. வலப்பக்கம் நின்றால் அது வலக்கைக்கு உரியது. எந்த மொழியில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது.

வாங்குவது எங்கே? பினாங்கைச் சுற்றியுள்ளவர்களும், செபராங் பிறை, கெடா தோட்டங்களில் இருப்பவர்களும் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினால் ஜார்ஜ்டவுன் வந்துவிடலாம். பினாங்கு சாலையில் சௌராஸ்தா சந்தை, அதற்குப் பக்கத்தில் தமிழ்த் தெரு, அருகிலேயே கேம்பல் தெரு, கீழ்ப்பக்கம் வந்தால் லிட்டில் இந்தியா. துணிக்கும் தையல் சாமான்களுக்கும் நெடுங்காலமாகப் பேர்போன பகுதிகள் இவை. கடையில் வெறுமனே "கத்தரிக்கோல்" என்று கேட்டால் வலக்கைக்கானதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மலாயில் "குந்திங் கிடால்" என்று கேளுங்கள். கிடால் என்றால் இடக்கைப் பழக்கம். கடைக்காரருக்கு உடனே விளங்கும். இல்லையென்று சொன்னால், தருவித்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கடையில் ஒரு பொருள் வந்து நிற்கும். இப்போது கைத்தொலைபேசி வழியாகவும் பொருள் தருவிக்க முடிகிறது. அப்படி வாங்கும்போது படத்தில் மேல் அலகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

நம்பகமான நிறுவனங்கள் சிலவும் உண்டு. பின்லாந்து நாட்டில் 1649-ஆம் ஆண்டில் இரும்புப் பட்டறையாகத் தொடங்கிய பிஸ்கார்ஸ், 1967-இல் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கைப்பிடிக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தது. அது இடக்கைக்கும் தனியாகச் செய்கிறது. ஜப்பானின் சேக்கி நகரில் 1908-இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர் நம் 'கை' என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும். அந்தக் கை நிறுவனமும் இடக்கைத் தையல் கத்தரிக்கோல் செய்கிறது. துணி வெட்ட எட்டு அங்குல நீளமும், வளைந்த கைப்பிடியும் உள்ளதாகப் பாருங்கள். கைப்பிடி வளைந்திருந்தால் கீழ் அலகு மேசையோடு படிந்து நகரும், துணி தூக்கிக்கொள்ளாது. அறைந்த ஆணியைவிடத் திருகாணி உள்ளதே நல்லது. தளர்ந்தால் முடுக்கலாம், மழுங்கினால் சாணை பிடிக்கலாம். முடிந்தால் ஒரு துண்டுத் துணி கொண்டு போய், ஒற்றை மடிப்பிலும் நான்கு மடிப்பிலும் நுனி வரை வெட்டிப் பாருங்கள். நுனியில் இழுத்தால் வாங்க வேண்டாம்.

இத்தகைய கத்தரிக்கோல் சாதாரணமானதைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால், அது ஒரு நாள் பொருளல்ல. வட இந்தியாவின் மீரட் நகரம் கத்தரிக்கோலுக்குப் பேர்போனது. அந்த ஊர்க் கத்தரிக்கோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தாத்தா வாங்கினால் பேரன் பயன்படுத்துவான் என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். பேணினால் எந்த நல்ல கத்தரிக்கோலும் அப்படி உழைக்கும். காகிதம் வெட்டாதீர்கள், காகிதம் கூரைத் தின்றுவிடும். கீழே போடாதீர்கள். திருகாணியில் எப்போதாவது ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விடுங்கள். சாணை பிடிப்பவரிடம் "இது இடக்கைக் கத்தரிக்கோல், சரிவை மாற்றிவிடாதீர்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். ஒருவருக்கு ஆகும் செலவைத் தாங்க முடியாவிட்டால், தையல் வகுப்புக்குப் பொதுவாக ஒன்று வாங்கி வையுங்கள். எந்த ஆண்டும் அதற்கு ஒரு கை வரும்.

வாங்கும் வரை என்ன செய்வது? வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்து, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுத்து, மற்ற விரல்களை வெளியே தள்ளி மூடினால் அலகுகள் நெருங்கும். வெட்டும் ஓரளவு வரும். ஆனால் விரல் நோகும். இதைச் சிறிது நாளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முனை மழுங்கிய சிறிய இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்றை முதலிலேயே கொடுத்துவிட்டால் இந்தத் தவறான பழக்கமே வராது.

தையல் சொல்லிக் கொடுப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. இடக்கைப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிரே உட்கார வையுங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல உங்கள் வலக்கை செய்வதை அவள் இடக்கை செய்யும். கழுத்தும் அக்குளும் வளைத்து வெட்டும்போது வலக்கைக்காரர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டிப் போவார். அவளைக் கடிகார முள் போகும் திசையில் வெட்ட விடுங்கள். மிஷினில் அவ்வளவு இடர் இல்லை. சக்கரம் வலப்பக்கம் இருந்தாலும், கால் மிஷினானால் ஓட்டுவது கால்தான். துணியின் பெரும்பகுதி ஊசிக்கு இடப்பக்கம் கிடப்பதால் இடக்கைக்கு அங்கே வேலை எளிது.

லண்டன் நகரில் 1968-இல் இடக்கைக்காரர்களுக்கான பொருள்களை விற்பதற்கென்றே ஒரு கடை திறந்தார்கள். 1976-ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு 13-ஆம் நாளை இடக்கையர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். எங்கோ சிலர் வாய் திறந்து கேட்டதால் வந்தவை இவை. நம் வீட்டுப் பிள்ளைக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். உங்கள் தோட்டத்தில் தையலை விட்டு நின்றுவிட்ட பெண் யாராவது இருந்தால், அவளிடம் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொல்லுங்கள். எந்தக் கை முன்னால் வருகிறது என்று பாருங்கள். இடக்கை வந்தால், அவளிடம் குறை இல்லை, கருவியில்தான் குறை என்று அவள் காதுபடச் சொல்லுங்கள். மறுபடியும் துணியின் முன் உட்கார அவளுக்கு அந்தச் சொல் போதும். கத்தரிக்கோலை நாம் தேடிக் கொடுத்துவிடலாம்.