குளக்கரையும் கொறங்காடும்



ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைப் பனி இறங்கத் தொடங்கியதும், நம் கொங்கு நாட்டுக் குளங்களில் வடதேசத்துப் பட்சிகள் வந்து இறங்குகின்றன என்பது நீங்கள் அறிந்த செய்திதான். பத்திரிகைகளில் ஆண்டுதோறும் படம் வருகிறது; ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கரைமேல் நின்று பார்த்துவிட்டு வருகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தண்ணீரையே பார்த்து நிற்கிறார்கள். கரைக்கு மறுபுறம் கிடக்கும் வயலையும் காட்டையும் திரும்பிப் பார்க்கிறவர்கள் வெகு சிலரே. வேளாண்மைத் துறையில் உத்தியோகம் பார்த்து, ஆயுளின் பெரும்பகுதியைக் காடு கழனிகளில் கழித்தவன் நான். ஆகையால், ஏரிப் பறவைகளைப் பற்றிப் பேசும்படி அழைத்த வானொலி நிலையத்தார் பொறுத்தருள, உங்களைச் சற்று நேரம் குளக்கரையில் நிறுத்திவிட்டுப் பிறகு மேட்டுக் காடுகளுக்குக் கூட்டிச் செல்வதென்றே உத்தேசித்திருக்கிறேன்.

முதலில் குளம். வெள்ளியங்கிரி மலைச் சாரலில் பிறந்து கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலாற்றின் குறுக்கே, சித்திரைச்சாவடி தொடங்கிச் சூலூர் வரையில் நம் முன்னோர் அணைகளை எழுப்பி, வாய்க்கால்களை வெட்டி, ஒரு குளம் நிறைந்து வழிந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்குப் போய்ச் சேரும்படி அமைத்து வைத்தார்கள். கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று நீங்கள் தினமும் பேருந்தில் கடந்துபோகும் பெயர்களெல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகளே. பாசனத்துக்காக வெட்டிய குளங்கள் பட்சிகளுக்கும் ஆசிரயமாயின. திருப்பூருக்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளம் 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென்ற அந்தஸ்தையும் பெற்றது. ஈரோட்டுப் பக்கத்து வெள்ளோடு அந்த அந்தஸ்தை அதற்கு இரண்டு ஆண்டு முன்னமேயே பெற்றுவிட்டது.

காலையில் போங்கள், சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி நில்லுங்கள். வெளிச்சத்தை எதிரே வைத்துக்கொண்டு நின்றால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்தாகத்தான் தெரியும். நெற்றியில் வெள்ளை நாமம் தரித்துக் கூட்டமாக மிதப்பவை நாமக்கோழிகள். புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் அவற்றையே சைபீரிய வாத்து என்று எண்ணி மகிழ்ந்து திரும்பிவிடுகிறார்கள். மகிழட்டும், அதில் நமக்கென்ன நஷ்டம்? அவற்றுக்கு அப்பால், மெலிந்த கழுத்தும் கூரிய நெடுவாலுமாக மிதக்கும் ஊசிவால் வாத்தையும், அகப்பை போன்ற அலகால் நீர்ப்பரப்பைத் துழாவிக்கொண்டே போகும் தட்டைவாயனையும், புருவத்தின்மேல் வெள்ளைப் பட்டை தீட்டிய நீலச்சிறகி ஆணையும் பொறுமையுள்ளவர்கள் தேடிக் காணலாம். நல்ல பாக்கியம் இருந்தால் நஞ்சராயன் குளத்திலோ சூலூரிலோ வரித்தலை வாத்தும் காணக் கிடைக்கும். மங்கோலியாவிலும் திபெத்துப் பீடபூமியிலும் குஞ்சு பொரித்து, இமயமலையைப் பறந்தே கடந்து வரும் பட்சி அது. 7,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும் அது பறந்ததைக் கருவி பொருத்தி ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காற்று மெலிந்த அவ்வுயரத்தில் பிராணவாயுவை இறுகப் பற்றிக்கொள்ளும் விசேஷ சக்தி அதன் இரத்தத்துக்கு இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இவ்வளவு தூரம் பிரயாணம் செய்து வந்த வாத்துகள் பகலில் என்ன செய்கின்றன? பெரும்பாலும் தூங்குகின்றன. தலையைத் திருப்பி முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு, காற்று தள்ளுகிற பக்கமாக மிதந்தபடி, நண்பகல் வரை அசையாமல் இருக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சலித்துப்போவதை நான் கண்டிருக்கிறேன். குளம் அவற்றின் படுக்கையறை. சாப்பாட்டுக்கூடம் வேறிடத்தில் இருக்கிறது. இருட்டிய பிறகு கூட்டங்கூட்டமாக எழும்பி, அறுத்த நெல்வயல்களிலும் வாய்க்கால் கசிவிலும் இறங்கி, சிந்திக் கிடக்கும் மணிகளையும் புல்விதைகளையும் மேய்ந்துவிட்டு, விடியுமுன் குளத்துக்குத் திரும்பிவிடுகின்றன. வரித்தலை வாத்தும் அப்படித்தான். பகலில் நீரிலும் கரையிலும் ஓய்வு, இரவில் வயல்வெளியில் மேய்ச்சல். ஆகவே குளத்தை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டு சுற்றியுள்ள வயலையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டால், பட்சிகளுக்குப் படுக்கை மிஞ்சும், சோறு மிஞ்சாது.

கரையோரச் சேற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 கிராம் எடைகூட இல்லாத கொசு உள்ளான் ஆர்க்டிக் துருவச் சமவெளியிலிருந்து நம் குளத்துக்கு வந்து, கணுக்கால் நனையாத ஆழத்தில் ஓடியோடிப் புழு பொறுக்குகிறது. பொரி உள்ளானும் ஆற்று உள்ளானும் அப்படியே. நீர் வற்ற வற்றத் தலைகாட்டும் அந்தச் சேற்று விளிம்புதான் அவற்றின் ஜீவனம். நகரத்துக் குளங்கள் சிலவற்றின் கரையைக் கல்லும் சிமெண்டும் வைத்துச் செங்குத்தாகக் கட்டி, மேலே நடைபாதையும் விளக்கும் அமைத்திருக்கிறார்கள். மாலையில் காற்று வாங்குவதற்கு மிகவும் சௌகரியமாகத்தான் இருக்கிறது. உள்ளான்கள் மட்டும் அங்கே நிற்பதில்லை.

சரி, இப்போது கரையைவிட்டு இறங்குவோம். நீங்கள் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில், திடீரென்று குளம் முழுவதும் ஒரே நேரத்தில் படபடத்து எழும்பினால், வாத்தைப் பின்தொடராதீர்கள்; கோரைப் புதர்களின் மேலே பாருங்கள். கருங்கபில நிறத்தில், உச்சந்தலை மட்டும் வெளுத்த ஒரு பருந்து, சிறகுகளை மேல்நோக்கிச் சற்றே உயர்த்திப் பிடித்தபடி, கோரை நுனியை உரசுவதுபோலத் தாழப் பறந்து செல்லும். அது சேற்றுப் பூனைப்பருந்து. அதன் உறவினர்கள் இருவர், அதைவிட ஒல்லியானவர்கள், தண்ணீர்ப் பக்கமே அதிகம் வராமல் நம்முடைய மானாவாரிக் காடுகளில் பனிக்காலத்தைக் கழிக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை.

அதற்கு முன் சோளக்குருவியை விட்டுவிட்டுப் போனால் சுல்தான்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். இளஞ்சிவப்பு உடலும் கறுத்த தலையும் சிறகுமாக, ஆயிரக்கணக்கில் மேகம்போல் வந்து இறங்கும் இந்தக் குருவிகள், புரட்டாசிப் பட்டத்துச் சோளம் கதிர் முற்றும் வேளையில் காட்டுக்காரர்களுக்கு உண்டாக்கும் கலக்கம் கொஞ்சநஞ்சமல்ல. நான் உத்தியோகத்தில் இருந்தபோது ஒரு பெரியவர் என் ஜீப்பை மறித்து, "ஏனுங்க ஆபீசருங்க, பன்னிக்கு வேலி போடலாமுங்க, ஆனைக்கு அகழி வெட்டலாமுங்க, இதுக்கு என்னத்தைப் போடறதுங்க?" என்று கேட்டார். பால் பிடித்துக் கதிர் முற்றும் அந்தச் சில வாரங்கள் காலையும் மாலையும் தகரம் தட்டுவதைத் தவிர வேறு உபாயம் சொல்ல என்னிடமும் இல்லை. ஆனால் அதே பெரியவருடைய பக்கத்துக் கொள்ளுக் காட்டுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், அந்தக் குருவிகள் தரையில் வரிசையாக நடந்து, பின்னால் இருப்பவை முன்னால் பறந்து இறங்கி, புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் ஒன்று விடாமல் பொறுக்குவதைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "தின்ன சோளத்துக்கு வேலையுஞ் செஞ்சுதான் குடுக்குதுங்க" என்று ஒப்புக்கொண்டார். மத்திய ஆசியப் புல்வெளிகளில் அவை குஞ்சு வளர்ப்பதே வெட்டுக்கிளிகளைக் கொண்டுதான். சீனத்தின் சிஞ்சியாங் பிரதேசத்தில் இவை கூடு கட்டுவதற்கென்றே கற்குவியல்களை அமைத்துக் கொடுத்து, வெட்டுக்கிளியை அடக்கும் காரியத்தில் இவற்றை ஈடுபடுத்தியிருக்கிறார்கள்.

இனிப் பூனைப்பருந்து. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் என்று மழை குறைந்த அந்த வட்டாரத்தில், முள் கிளுவையால் உயிர்வேலி வளர்த்து, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, கொழுக்கட்டைப் புல்லைப் பேணி, மாடும் ஆடும் மாற்றி மாற்றி மேயும்படி காத்துவரும் மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். காங்கேயம் காளையின் கம்பீரத்தைப் புகழ்கிறவர்கள், அந்தக் காளையை உருவாக்கிய புல்தரையைப் புகழ மறந்துவிடுகிறார்கள். அந்தப் புல்தரையின்மேல்தான் கசகஸ்தான் முதலிய நாடுகளின் சமவெளிகளிலிருந்து வரும் மொண்டேகு பூனைப்பருந்தும் வெண்பூனைப்பருந்தும் பனிக்காலம் முழுவதும் உலாவுகின்றன. இரண்டிலும் பெட்டை கபில நிறம், வாலின் அடியில் வெள்ளைத் திட்டு. ஆண் சாம்பல் வெளுப்பு. மொண்டேகுவின் ஆணுக்குச் சிறகின் நடுவே கறுப்புக் கோடு ஓடும்; மற்றதன் ஆணுக்கு அது இல்லாமல், சிறகு நுனியில் ஆப்பு வடிவமாகக் கறுப்பு மட்டும் இருக்கும். பெட்டைகளைப் பிரித்தறிவதில் வித்துவான்களே தடுமாறுகிறார்கள். நாம் அதற்காக விசனப்பட வேண்டியதில்லை. ஆந்தையைப்போல் வட்டமாக அமைந்த முகச்சிறகுகளால் சத்தத்தைக் குவித்துக் கேட்டு, புல்லுக்குள் எலியோ பூச்சியோ அசையும் இடத்தில் சட்டென்று கால்நீட்டி விழும் அந்தச் சாமர்த்தியம் வேறெந்தப் பருந்துக்கும் இல்லை.

பகலில் ஒன்றும் இரண்டுமாகத் திரியும் இவை இரவில் எங்கே தங்குகின்றன என்று நான் ஒரு கொறங்காட்டில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "ஏஞ் சாமி, வெயில்ல நின்னு என்னத்தப் பாக்கறே? பொழுது உழுகற நேரத்துக்கு வா கண்ணு, அத்தனையும் ஒரே எடத்துல வந்து படுக்கும்" என்றார். "மரத்திலயா ஆத்தா?" என்றேன். "பருந்து மரத்துல படுக்கும், இது தரையிலதான் படுக்கும்" என்று, என் படிப்பைப் பற்றி ஒரு அபிப்பிராயத்துக்கு வந்தவராகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. மேற்கே வெளிச்சம் மங்கியதும், நான்கு திக்கிலிருந்தும் தனித்தனியே, வேலிக்குமேல் முழ உயரத்தில், சிறகடிக்கும் ஓசையும் இன்றி அவை வந்தன, புல்லில் இறங்கின, ஏதோ பிடிக்காததுபோல் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்கின, முகம் தெரியாத இருட்டில் எல்லாம் அடங்கிப்போயின.

மறுநாள் அவை எழுந்து போன பிறகு அந்த இடத்தில் புல் மடங்கிய சிறு சிறு பள்ளங்கள் இருந்தன. பக்கத்திலே, பெருவிரல் நீளம்கூட இல்லாத, உலர்ந்த சாம்பல்நிற உருண்டைகள் கிடந்தன. ஜீரணமாகாததைப் பருந்து உருட்டிக் கக்கிவிடுகிறது. அவற்றில் ஒன்றை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, ஊசியால் பிரித்துப் பார்த்தேன். ரம்பப் பற்களோடு கூடிய வெட்டுக்கிளியின் பின்னங்கால்கள், கறுத்து மின்னும் தாடைத் துண்டுகள், ஒரு வண்டின் பச்சை மேற்சிறகு, ஓணானுடையதாக இருக்கலாம் என்று தோன்றிய சில செதில்கள், ஒரு பிடி எலிமயிர். பயிர்ப் பாதுகாப்பைப் பற்றி நான் வருஷக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசியதெல்லாம் அந்தக் காகிதத்தில் அடங்கியிருந்தது. வெட்டுக்கிளி மிகுந்த இடத்தில் பூனைப்பருந்து மிகும். மருந்தடித்து அதை ஒழித்த இடத்தில் பூனைப்பருந்தும் ஒழியும். ஆப்பிரிக்காவின் சாஹேல் பிரதேசத்தில் மொண்டேகு பூனைப்பருந்தைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்களும் இதையேதான் கண்டிருக்கிறார்கள். தரையில் தூங்குகிற பறவைக்கு நாயும் நரியும் சத்துரு. புல்லுக்கு நெருப்பு வைப்பவனும் சத்துரு. கொறங்காட்டை உழுது மனைப்பிரிவு கல் நடுகிறவன் எல்லோரிலும் பெரிய சத்துரு. வெண்பூனைப்பருந்து உலகளவிலேயே அழிவு அபாயத்தை நெருங்கிக்கொண்டிருக்கும் இனம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைப் பார்க்கிறேன், நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். வாலாட்டியையும் கீச்சானையும் நீலவால் பஞ்சுருட்டானையும் பற்றிச் சொல்ல நினைத்ததெல்லாம் நின்றுபோயிற்று. தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்கு எட்டு மடங்கு பெரிதாக்குவதே போதும்; கை நடுக்கத்தில் பன்னிரண்டு மடங்கு ஒன்றுக்கும் உதவாது. சிவப்பும் வெள்ளையும் உடுத்தாதீர்கள். காட்டுக்குள் கால் வைக்குமுன் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் மோர் கிடைக்கும், பட்சிகளைப் பற்றிய தகவலும் கிடைக்கும். பூனைப்பருந்து படுக்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் வேலிக்கு வெளியிலேயே நின்று பாருங்கள், ஊரெல்லாம் சொல்லிக் கூட்டம் சேர்க்காதீர்கள்.

2015ஆம் ஆண்டு தொடங்கிப் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் ஆர்வலர்கள் பறவைகளை எண்ணி இணையத்தில் பதிவு செய்து வருகிறார்கள்; கால்மணி நேரம் ஓரிடத்தில் நின்று கண்டதை எழுதி அனுப்பினால் போதும், எவரும் கலந்துகொள்ளலாம். வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம்: குளத்தில் எண்ணி அனுப்ப நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்கள் உங்கள் தோட்டத்து வேலியோரம், கொள்ளுக் காட்டு வரப்பு, கொறங்காடு இவற்றில் ஒரு கால்மணி நேரம் நின்று எண்ணி, அந்தப் பட்டியலை அனுப்புங்கள். மாட்டுப் பொங்கலன்று பட்டிக்குப் போகும் வழியிலேயே இதை முடித்துவிடலாம்.